கண்ணுக்குள் போன செல்

ஒரே ஒரு சொல்லால் ஒரு கண் ஆஸ்பத்திரி முழுவதையும் தரையில் தவழவிட்டவன், பூமி உருண்டையான நாளிலிருந்து, நான் ஒருவன்தான். நம்பமாட்டீர்கள். என் மனைவியின் தம்பியும் நம்பவில்லை. அவன் ஓய்வு பெற்ற ஆடிட்டர். தொப்பலாக நனைந்து நின்றாலும் ரசீது காட்டாமல் மழை என்று ஒத்துக்கொள்ளமாட்டான்.

நடந்தது இதுதான். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அப்புறம் ஒருநாள் டாக்டரம்மா என் முகவாயை ஒரு மெஷினில் வைக்கச் சொல்லி, கண்ணைப் படமெடுத்துவிட்டு, "ஆபரேஷன் பண்றப்ப உங்களுக்கு செல் போயிருக்கு, ஐயா" என்றார்.

சட்டைப் பையைத் தடவினேன். காலி.

"எங்கம்மா போச்சு?"

"கண்ணுக்குள்ளதான். இனி திரும்ப வராது."

"கண்ணுக்குள்ளயா!"

"பயப்படாதீங்க, எல்லாருக்கும் போறதுதான்."

"எல்லாருக்குமா? கேக்க ஆளில்லையா இங்க?"

"மிச்சம் இருக்கறதே போதும்."

"என்கிட்ட இருந்ததே ஒண்ணே ஒண்ணும்மா!"

டாக்டரம்மா முகம் வெளுத்து மெஷினை மறுபடி பார்த்தார். நான் வெளியே ஓடி, "செல் போச்சு! டாக்டரே ஒத்துக்கிட்டாங்க!" என்று போட்ட கூச்சலில், கண்ணில் சொட்டு மருந்தோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தரையில் இறங்கிவிட்டார்கள். பாதிப் பேருக்கு ஒரு கண்தான் தெரியும். மீதிப் பேருக்கு அதுவும் மங்கல். ஒருவர் நர்சின் செருப்பைக் கண்டெடுத்து, காதில் வைத்து "ஹலோ" சொல்லியே பார்த்துவிட்டார். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டினார். என் பின்னாலேயே வந்த டாக்டரம்மாவும், ஊரே தேடுகிறதே என்று மண்டியிட்டு, "என்ன தேடுறோம்?" என்றார்.

நர்ஸ் என் நம்பரை அழுத்த, என் மனைவியின் கைப்பையிலிருந்து மணி அடித்தது. "உள்ள போறப்ப நீங்கதானே குடுத்தீங்க!" என்றாள் அவள்.

டாக்டரம்மா எழுந்திருக்க முடியாமல் சிரித்தார். கருவிழியின் உள்பக்கத்தில் பொடிப்பொடியாக ஓர் அடுக்கு செல்கள் இருக்கின்றனவாம். நீர் தேங்காமல் வெளியே இறைத்து, விழி மங்காமல் காப்பது அவற்றின் வேலை. ஆபரேஷனில் கொஞ்சம் செத்துப்போகும், புதிதாக முளைக்காது. பெஞ்சில் ஒருவர் எழுந்துபோனால் மற்றவர்கள் அகட்டி உட்கார்ந்துகொள்வதுபோல், மிச்சமுள்ளவை பரவி இடத்தை நிரப்பிக்கொள்ளுமாம்.

"ரீல் சுத்தாதீங்க மாமா" என்றான், வீட்டில் இதைக் கேட்ட மைத்துனன். "டாக்டர் தரையில தவழ்ந்தாங்களாக்கும்?"

"உங்க அக்காவையே கேளு."

"அக்கா உங்க கட்சி."

அவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. ஆணியில் தொங்கும் என் சட்டையை "வாங்க, உக்காருங்க" என்று உபசரிப்பான். போன வாரம், வருகிற லாரியை நிழல் என்று நினைத்து அதனடியில் ஒதுங்கப் போனான். என் மனைவி காலரைப் பிடித்து இழுத்ததால் இன்று இருக்கிறான். இந்த இடத்தில் மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. ஆபரேஷன் என்றாலோ ஆஸ்பத்திரித் தெருப்பக்கமே போகமாட்டான். அதனால்தான், என்னால் முடியாது என்ற தைரியத்தில் சவால் விட்டான்: "உங்க கதை நிஜம்னு நிரூபிங்க, மறுநாளே நானும் பண்ணிக்கறேன்."

என் மனைவி அவனை ஆஸ்பத்திரிக்குத் தரதரவென்று இழுத்துப் போனாள். அங்கே சுவரில் ஒரு புதுப் பலகை. மூக்கு உரச உரசப் பார்த்தான்; பனிமூட்டம்தான் தெரிந்தது. வாட்ச்மேன் படித்துக் காட்டினார்.

"இவரும் மாமா செட் பண்ண ஆளு. நானே என் கண்ணால படிக்காம ஒத்துக்கமாட்டேன்."

"அப்ப படிக்கறதுக்கு வழியைப் பாருடா" என்றாள் அக்காக்காரி. ஆடிட்டர் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டான்.

கண்கட்டைப் பிரித்த அன்று டாக்டரம்மா, "நல்லா இருக்கு. உங்களுக்கும் கொஞ்சம் செல் போயிருக்கும், பரவாயில்ல" என்றார்.

அவன் கை விருட்டென்று சட்டைப் பைக்குப் பாய்ந்தது.

அவனே வெளியே வந்து, பலகை முன் நின்று, புதுக்கண்ணால் எழுத்துக்கூட்டிப் படித்தான்: "இங்கே செல் என்றால் போன் அல்ல. தயவுசெய்து தரையில் தேடாதீர்கள்."

திரும்பி என்னைப் பார்த்தான்.

"நடந்துதான் இருக்கு, மாமா."