இடப்பக்கத்து நாற்காலி

அந்த வீட்டில் வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டுப் போட்டவர் யாரும் இல்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் மூத்த மகள்தான் வக்கீல். கேக்கில் யாருக்குப் பெரிய துண்டு, யார் முதலில் குளிப்பது, டிவி ரிமோட் யார் கையில் என்று எதற்கெடுத்தாலும் நியாயம் கேட்டு வந்து நிற்பாள். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் அப்பா. டவுன் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பயணிகளின் சண்டையைக் காதில் வாங்கிக்கொண்டு வண்டியை ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் ஒரு வழக்கு வாசலிலேயே காத்திருக்கும். "சொல்லுங்க வக்கீலம்மா" என்று ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்பார்.

அந்த வருடம் வந்த வழக்குகள் எல்லாவற்றுக்கும் சாரம் ஒன்றுதான். அப்பா தம்பிக்குச் செல்லம் கொடுக்கிறார், தனக்குக் கொடுப்பதில்லை. ஆதாரம் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டைக் காட்டுவாள்.

விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அம்மா. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு மூலையில் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் கடைக்குப் பக்கத்திலிருந்த புத்தகக் கடையில் இருந்ததிலேயே பெரிய பெட்டியாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். 'விளையாடும்போதே அறிவு வளரும்' என்று பெட்டியின்மேல் போட்டிருந்தது. பலகை பெரிதாக இருந்தால் அறிவும் அந்த அளவுக்கு வளரும் என்று நினைத்தாளோ என்னவோ, விரித்தால் சாப்பாட்டு மேசை மொத்தத்தையும் அடைத்துக்கொண்டது. உப்பு ஜாடிக்குக்கூட இடம் இல்லை.

ஆட்டம் கஷ்டமானது இல்லை. ஆளுக்கு நான்கு காய். நீல அட்டையில் இருக்கும் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் பகடையை உருட்டிக் காயை நகர்த்தலாம். நடுநடுவே சிவப்பு அட்டை வரும். அதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டால், வழியில் நிற்கும் யாருடைய காயையும் வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். ஒவ்வொருவர் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலும் பலகையின் ஓரத்தை ஒட்டி ஒரு கடைசித் தெரு ஓடும். அதைத் தாண்டினால் வீடு.

இதற்குமேல் அம்மா தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாள். முதல் இரண்டு வாரமும் யாருடைய அட்டையிலாவது ஒரு நதியின் பெயரைக் கேட்டால் நான்கு பேரும் சேர்ந்து பதிலைக் கத்தினார்கள். "அவளை வெட்டு", "இவனை வெட்டு" என்று மீன் சந்தை மாதிரி ஒரே சத்தம். "இனிமே அடுத்தவங்க ஆட்டத்துல யாராவது வாயைத் தொறந்தீங்க, அவங்க காய் ஒண்ணு திரும்பிப் போயிடும். பார்த்தா பார்த்தது, பார்க்காம விட்டா விட்டது" என்றாள். சட்டம் வந்த பிறகு சாப்பாட்டு மேசை பரீட்சை ஹால் போல ஆகிவிட்டது.

அப்பா இந்த விளையாட்டில் கெட்டிக்காரர். வண்டி புறப்படும் நேரத்துக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிற மனுஷர். கிரகம், எலும்பு, தலைநகரம் எதைக் கேட்டாலும் பதில் வந்து விழும். இரக்கமே கிடையாது. அம்மா காய் வீட்டு வாசலில் நின்றாலும் வெட்டுவார். "ஆட்டத்துல பொண்டாட்டி, புள்ள எல்லாம் கிடையாது" என்பார். யாராவது ஒரு கட்டம் கூடத் தள்ளி வைத்தால் கழுகு மாதிரிப் பிடித்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் தம்பி சுண்டுவின் காயை மட்டும் வெட்டுவதே இல்லை.

அம்மா அப்பாவுக்கு எதிரே, வக்கீல் வலப்பக்கம், சுண்டு இடப்பக்கம். இதுதான் முதல் நாளிலிருந்து அவரவர் இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுண்டுவின் கடைசிக் காய் வீட்டுக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றுகொண்டிருந்தது. அப்பாவுக்குச் சிவப்பு அட்டை வந்தது. பதிலும் சொன்னார். அவர் கை நேராக வலப்பக்கம் வந்து, அப்போதுதான் பாதி வழியில் தவழ்ந்துகொண்டிருந்த அவள் காயைத் தூக்கியது.

"அப்பா, இது அநியாயம்! அவன் வாசல்ல நிக்குறான்!"

அப்பா தலையைத் திருப்பிச் சுண்டுவின் பக்கம் பார்த்தார். பிறகு சிரித்தார். "சின்னப் பையன், போனாப் போகுதுன்னு விட்டேன்."

வாயைத் திறந்ததற்காக அவளுடைய இன்னொரு காயும் திரும்பிப் போனது. சுண்டு ஜெயித்துவிட்டு நாற்காலிமேல் ஏறி ஆடினான். வக்கீல் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஜெயிக்க வேண்டும் என்றில்லை. அவளும் கெட்டிக்காரிதான், போதுமான அளவுக்கு ஜெயித்திருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. அப்பா தன் காயை ஒரு தடவை பார்க்க வேண்டும், வெட்டலாம் என்று தெரிந்தும் போனாப் போகுது என்று விட வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண் இதை வாய்விட்டுக் கேட்க முடியுமா? அதனால் நியாயம், அநியாயம் என்று சட்டம் பேசிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு இந்த ரோதனை தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு பலகையை விரிக்கும்போதே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். "ரெண்டு பேரும் இடத்தை மாத்திக்கோங்க. அந்த நாற்காலிதான் ராசின்னா அது இவளுக்கும் கிடைக்கட்டும்."

"எதுக்கு இதெல்லாம்? இருக்கிறபடி இருக்கட்டுமே" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க. உங்களாலதான் இவ்வளவும்."

வக்கீல் இடப்பக்கத்து நாற்காலிக்கு வந்தாள். ராசியையெல்லாம் நம்புகிற ரகம் இல்லை அவள். ஆனால் அன்றைக்கு ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், அவள் காய் கடைசித் தெருவில் நிற்க, அப்பா சிவப்பு அட்டையை எடுத்தார். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் உறுப்பு எது? "சிறுநீரகம்" என்றார், யோசிக்கக்கூட இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அப்பாவின் கையில் இருந்தது சுண்டுவின் காய்.

"அப்பா! அக்கா காய் வீட்டுக்குள்ளயே போகப்போகுது, அதை விட்டுட்டு என்னை வெட்டுறீங்க! கட்சி மாறிட்டீங்களா?" என்று சுண்டு வீடு அதிரக் கத்தினான். சட்டப்படி அவனுடைய இன்னொரு காயும் திரும்பிப் போனது.

அப்பா தலையைத் திருப்பி அவள் பக்கம் பார்த்தார். காயையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "பெரியவளுக்கும் ஒருநாள் விட்டுக்கொடுக்கணும்ல?" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை. ஒரு வழக்குகூடப் பதிவாகவில்லை. ரிமோட்டைச் சுண்டுவே வைத்துக்கொண்டான். பெரிய துண்டு கேக்கும் அவனுக்கே போனது. பள்ளிக்கூடத்தில் தோழியிடம், "எங்கப்பாவுக்கு நான்னா உயிர்டி, வெளியில காட்டிக்க மாட்டாரு" என்றாள். சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வாரத்தின் நடுவில் அப்பா ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸின் இடப்பக்கத்துக் கண்ணாடி ஒரு கம்பத்தில் இடித்து நொறுங்கிவிட்டதாம். கம்பத்தை நட்டவனைத் திட்டினார். அந்தப் பக்கம் வேனை நிறுத்தியவனையும் திட்டினார். தட்டை எடுத்து வைக்கப்போய் இடப்பக்கம் இருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். "கோபத்தைச் சாமான்மேல காட்டாதீங்க" என்று அம்மா தரையைத் துடைத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஞாயிறு வந்தது. அப்பாவுக்கு அன்று மாலை ஷிப்ட். மதியமே விளையாட உட்கார்ந்தார்கள். வக்கீல் யாரும் சொல்லாமலே இடப்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குத் துளிர்விட்டுப் போயிருந்தது. செல்லப் பிள்ளைகள் செய்கிற சேட்டையை நாமும் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. பகடையில் இரண்டு விழ, காயை மூன்று கட்டம் நகர்த்தினாள். அப்பா பிடித்துவிடுவார், "வக்கீலே திருடினா எப்படி?" என்று சிரிப்பார், அவளும் சிரிக்கலாம்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

சரி, இதையும் விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த முறை பாதி வழியில் நின்ற காயை எடுத்து, பகடையே உருட்டாமல் கடைசித் தெருவில் வைத்தாள். சுண்டுவின் கண் கோலிக்குண்டு மாதிரி விரிந்தது. சட்டத்துக்குப் பயந்து வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். அம்மா அட்டைகளைக் கலைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பலகையையே உற்றுப் பார்த்துக்கொண்டு, "யாரு ஆட்டம் இப்போ?" என்றார்.

வக்கீல் அப்பாவைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். கண்ணை உருட்டினாள். காதுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் வைத்து ஆட்டினாள். சுண்டு பொத்திய கைக்குள்ளேயே சிரித்தான். அப்பா பார்க்காத மாதிரி நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவருக்கு நடிக்க வராது. சிரிப்பை அடக்கினால் மூக்கு விடைக்கும். மூக்கு சும்மா இருந்தது.

அவள் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கம்பமும் டம்ளரும் அப்போதுதான் அவள் மனதில் வந்து நின்றன. போன மாதம் கதவு நிலையில் இடித்து அப்பாவின் இடது தோள் கன்றிப்போயிருந்ததும் ஞாபகம் வந்தது. சுண்டு அந்த நாற்காலியில் இருந்தவரை அவன் காய் தப்பித்தது, இப்போது தன் காய் தப்பிக்கிறது. கணக்கு நேராக வந்துவிட்டது. அவள் காய் வீட்டுக்குள் போனது, ஜெயித்தாள். யாரும் நாற்காலிமேல் ஏறி ஆடவில்லை.

அப்பா உள்ளே போய் யூனிபார்ம் சட்டையை மாட்டினார். அவள் பின்னாலேயே போய், பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்றவரின் இடப்பக்கம் நின்றாள். கைக்கெட்டும் தூரம். அவர் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே பித்தான் போட்டார்.

"அப்பா."

தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. "ஏய், எப்போ வந்த? பூனை மாதிரி!"

"அப்பவே வந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "போன வாரம் என் காயை வெட்டாம விட்டீங்களே. நிஜமாவே விட்டுக்கொடுத்தீங்களா?"

"இதுக்குமா வழக்கு?"

"சொல்லுங்கப்பா. பார்த்துட்டு விட்டீங்களா, இல்ல பார்க்கவே இல்லையா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் ஷிப்டுக்குக் கிளம்பிவிடலாம், அவளும் அந்த வாரத்தைப் போலவே இன்னும் பல வாரங்கள் சந்தோஷமாக இருந்துவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று அவளுக்கும் இருந்தது. சொல்லிவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

பித்தானில் இருந்த கை இறங்கியது. அப்பா கட்டிலில் உட்கார்ந்தார்.

"பார்க்கலம்மா" என்றார். "இந்தப் பக்கம் கொஞ்ச நாளாவே மங்கலாத்தான் இருக்கு. மூக்குக்கண்ணாடியை மாத்தினா சரியாயிடும்னு தள்ளிப்போட்டேன். நீங்க கேட்டப்ப எல்லாம் என்ன சொல்றதுன்னு தெரியல. விட்டுக்கொடுத்தேன்னு சொல்லிட்டேன்."

"சுண்டுவுக்கும் அப்படித்தானா?"

"அவனுக்கும் அப்படித்தான்."

அவள் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் வக்கீலுக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது. "பார்த்திருந்தா?"

அப்பா இந்தத் தடவை தலையை முழுசாகத் திருப்பி அவளை நேராகப் பார்த்தார். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன முகம்.

"பார்த்திருந்தா வெட்டியிருப்பேன்" என்றார். போட்ட பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். "போய் அம்மாவைக் கூப்பிடு. போனையும் எடுத்துட்டு வா. டிப்போவுல சொல்லணும், இனிமே நான் வண்டியைத் தொடக் கூடாது. ரோட்டுல உன் வயசுப் புள்ளைங்க எல்லாம் நடக்குது."

அவள் நகரவில்லை. நின்ற இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதாள். அப்பா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துத் தலையைத் தடவினார். "அழாதடி கண்ணு. அப்பா கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது, டாக்டர்கிட்ட காட்டினா சரியாயிடும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தன் கண்ணுக்காகத்தான் பிள்ளை இப்படி அழுகிறாள் என்று நினைத்து அவர் குரலும் உடைந்தது. பாதி அதற்காகத்தான். மீதிப் பாதி எதற்கென்று அவள் சொல்லவில்லை.