காப்புக் கட்டிய கையும் கடைவாய்ப்பல்லும்

விஜயகலாவின் மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டிய காப்பு இருந்தது. இடது கடைவாய்ப்பல்லில் சீழ் கட்டியிருந்தது. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு எப்படி நாளைத் தள்ளுவது என்பதுதான் அவளுடைய கஷ்டம்.

றக்வானவுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள் பால்குடம் எடுக்கும் நாள் வரைக்கும் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருப்பார்கள். அந்த வீட்டில் யாருக்கும் கவிச்சி கிடையாது, சாராயம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காப்புக் கட்டிய உடம்பிலிருந்து இரத்தம் சிந்தக் கூடாது. சிந்திவிட்டால் காப்பை அவிழ்த்துவிட வேண்டும். குடம் எடுக்க முடியாது. அதற்குப் பயந்து, அந்த நாட்களில் கொழுந்து எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் மலைக்குப் போவார்கள்.

அவளுடைய வேண்டுதல் புருஷன் உதயராஜின் காலுக்காக. கொழுந்து லொறி வளைவில் புரண்டு அவனுடைய தொடை எலும்பு நொறுங்கியபோது, இனி இவன் எழுந்து நடப்பது கடினம் என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்று வருஷம் பால்குடம் எடுக்கிறேன் தாயே என்று அவள் வாய்விட்டுச் சொல்லி அழுதாள். அவன் நடந்தான். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான், ஆனாலும் நடந்தான். இரண்டு வருஷம் குடம் எடுத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது குடம். அதை எடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது.

கராம்பு எண்ணெய் வைத்தாள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். கன்னம் பணியாரம் போல உப்பிக்கொண்டே வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கழுத்துக்கு இறங்குனா உசிருக்கே ஆபத்தும்மா. ஞாயித்துக்கெழம வரைக்கும் வச்சிக்கிட்டு இருக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"போய் புடுங்கிட்டு வா கலா" என்றான் உதயராஜ். "பல்லு வாய்க்குள்ளதானே இருக்கு. அம்மன் என்ன டோர்ச் அடிச்சா பாக்கப் போறா? பூசாரிக்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்."

"சும்மா இருங்க. சாமி விசயத்துல வெளையாடாதீங்க."

அன்று இரவும் அவன் சோற்றை வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டான். குடிக்க வழியில்லாத கோபம் என்று நினைத்து அவளும் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கஹவத்தைக்கு இறங்கும் முதல் பஸ்ஸில் போனாள். டவுன் ஆஸ்பத்திரியில் பல்லுக்கு நம்பர் வாங்கி உட்கார்ந்தாள். அங்கே பல் பிடுங்கக் காசு வாங்குவதில்லை. போனது அன்றைய பேர்தான், அதாவது ஒரு நாள் கூலி. அதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. புடவைத் தலைப்பால் காப்பை மூடி மூடி வைத்துக்கொண்டிருந்தாள்.

முறை வந்து உள்ளே போனதும் டொக்டர் நோனா சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டீர்களா என்பதுதான். விஜயகலாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். சாப்பிட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு வாயில் ஒன்றும் வைக்கவில்லை. வெறும் வயிற்றில் ஊசி போட்டால் மயங்கி விழுந்துவிடுவீர்கள், ஏதாவது சாப்பிட்டு வாருங்கள் என்று டொக்டர் வெளியே அனுப்பிவிட்டார்.

பழையபடி வாங்கில் வந்து உட்கார்ந்தாள். கண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். முக்காடு போட்ட, அகலமான முகம். கஹவத்தையில் நூல், பொத்தான் விற்கும் கடைக்காரி, பேர் றுகையா.

"என்னத்துக்கு அழுறீங்க? இன்னும் பல்லயே புடுங்கல்லயே. நானெல்லாம் புடுங்கிட்டு வெளிய வந்துதான் அழுவேன்."

வலியோடு விஜயகலாவுக்குச் சிரிப்பும் வந்தது. காப்பைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். வெளிச் சோறு சாப்பிடக் கூடாது, இரத்தம் வரக் கூடாது, பல்லையும் வைத்துக்கொள்ள முடியாது.

றுகையா காப்பைக் குனிந்து பார்த்தாள். "எங்கட மார்க்கத்துல சீக்காளிக்கு நோன்பு இல்ல. சொகமானதுக்குப் பொறகு புடிக்கேலும். எங்களப் படச்சவனுக்குத் தெரியாதா, இந்த ஒடம்பு என்னத்தத் தாங்கும்னு? அத விடுங்க. ஒங்கட விரதத்துல பழம் கூடுமா?"

"பழமும் பாலும் கூடுங்க."

"பொறவு என்ன? இரிங்க, வாறேன்."

தன்னுடைய நம்பர் துண்டை விஜயகலாவின் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கையில் வாழைப்பழமும், ஒரு பால் பாக்கெட்டும், கடை ஸ்டிக்கர் கிழிக்காத ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் கரண்டியும் இருந்தன.

"டீக்கடைக் கோப்பையில என்னென்ன பட்டிருக்குமோ. இது புதுசு. எறச்சி மீன் ஒண்டும் படல்ல."

விஜயகலாவின் வாய் விரலளவுகூடத் திறக்கவில்லை என்பதைப் பார்த்து, பழத்தைக் கோப்பையில் போட்டுப் பாலூற்றிக் கரண்டியால் மசித்தாள். "மெதுவா முழுங்குங்க. மெல்லத் தேவல்ல." விஜயகலா கோப்பையைக் கையில் வாங்கி, ஒரு கணம் கண்ணை மூடிவிட்டுக் குடித்தாள். பசியில் கிடந்த வயிறு குளிர்ந்தது. தனக்கு விலக்கானது எது என்று கேட்டறிந்து, அதன்படியே மசித்துத் தந்த கையை அம்மன் அனுப்பாமல் வேறு யார் அனுப்பியிருப்பார்கள்?

றுகையாவின் முறை வந்தது. அவள் எழுந்து, "இவங்க முந்திப் போகட்டும். விட்டா மனசு மாறி ஓடிருவாங்க" என்று சொல்லி விஜயகலாவின் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள்.

பல் வந்தது. இரத்தமும் வந்தது.

தோட்டத்துக்குத் திரும்பியவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸடியில் காத்திருந்த உதயராஜ் கூப்பிடக் கூப்பிட நேராகக் கோயிலுக்கு நடந்தாள். ஃபெக்டரி வேலை முடிந்து வந்த நடராஜா பூசாரி மண்டபத்தில் பல்ப் மாட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே நின்றபடி அவள் கையை நீட்டினாள்.

"பூசாரியண்ணே, காப்ப அவுத்துருங்க. பல்லு புடுங்கிட்டேன். ரத்தம் வந்துருச்சு."

அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே, தாயி."

"பொய்க் குடத்த தலையில வச்சிக்கிட்டு எப்புடிண்ணே அந்த ஏத்தம் ஏறுறது? காலு வராதுண்ணே."

பூசாரி முடிச்சை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டார். வெறுமையான மணிக்கட்டைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. பஞ்சு கடித்த வாயோடு விம்மினாள். மூன்று வருஷம் என்று சொன்ன வாய் இது. அந்த வாயிலிருந்தே அது தவறிப்போனது.

பின்னாலிருந்து உதயராஜ் கேட்டான்: "பூசாரியண்ணே, அந்தக் குடத்த நான் எடுக்கலாமா?"

"நீயா? ஒன்னோட கால வச்சிக்கிட்டா?"

"இந்தக் காலுக்குத்தானே இவ வேண்டுனா?"

"அது சரி. வீட்டாளு எடுக்கலாம்தான். ஆனா ஒருவேளைச் சாப்பாடா இருந்திருக்கணுமேப்பா, காப்புக் கட்டின நாளையில இருந்து. நீயாவது..."

"இருந்தேன்ணே." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இவ பட்டினியா கெடக்கும்போது எனக்கு மட்டும் எப்புடி ராச்சோறு எறங்கும்? சொன்னா கிண்டல் பண்ணுவாளேன்னு சொல்லல."

விஜயகலா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இரவுகளை எல்லாம் அவள் சாராயத்தின் கணக்கில் எழுதியிருந்தாளே. பூசாரி வேறொன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு மஞ்சள் கயிறு எடுத்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்குடங்கள் ஆற்றிலிருந்து புறப்பட்டன. வழி நெடுக வீட்டு வாசல்களில் மஞ்சள் தண்ணீரோடு பெண்கள் காத்திருந்து, குடம் எடுத்து வருகிறவர்களின் பாதத்தில் ஊற்றுவார்கள். இந்த வருஷம் விஜயகலாவும் தங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றாள். தலையில் குடம் இருந்த வருஷங்களில் பால் தளும்புமோ என்பதைத் தவிர வேறெதுவும் அவளுக்குத் தெரிந்ததில்லை. இப்போது ஒவ்வொரு காலாகக் குனிந்து பார்த்தாள். பித்த வெடிப்புகள், அட்டை கடித்த தழும்புகள். தினமும் கூடவே மலையேறுகிற கால்கள்தான்; இவ்வளவு பட்டிருக்கின்றன என்று அவள் கண்டதே இல்லை.

கடைசியாக உதயராஜ் வந்தான். ஒவ்வோர் எட்டுக்கும் பால் தளும்பித் தோளில் வழிந்தது. முன்னால் குடத்தோடு போன பக்கத்து வீட்டு மங்கையர்க்கரசி திரும்பிக் கத்தினாள்: "உதயண்ணே! அம்மனுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க, எல்லாத்துலயும் நீங்களே குளிச்சிறாதீங்க!"

ஊர்வலம் முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே வாசலில் நின்றான். வேர்த்துக் கொட்டியிருந்தது. "பாதி போயிருச்சு கலா."

"மிச்சம் போதும்ங்க."

அவள் மண்டியிட்டு, நோகாத காலில் முதலில் ஊற்றினாள். பிறகு மற்றதை இரண்டு கையாலும் பிடித்துக் கழுவினாள். மண்ணில் ஊன்றி நின்ற அந்தக் கால் அவள் கைக்குள் நடுங்கியது. ஆனால் நின்றது.

"கழுவுனது போதும், மேளம் தாண்டிப் போகுது!" என்று மங்கையர்க்கரசி மறுபடியும் கத்தினாள்.

விஜயகலா எழுந்து செம்பை வாசலில் வைத்துவிட்டு, தளும்புகிற குடத்துக்குப் பின்னால் ஏற்றத்தில் நடந்தாள்.