ஜோதிகா நடந்து வந்த விதம்

வியாசர்பாடி அணியோடு நடந்த இறுதி ஆட்டத்தில், முதல் பாதி முடியும் நேரத்தில், வர்ணனை சொன்ன ஜெரி என் பேத்தி ஜோதிகாவை ஒலிபெருக்கியில் அவமானப்படுத்தினான். இங்கிலீசில் அவமானப்படுத்தியதால் மைதானத்தில் பாதிப் பேருக்கு அது உறைக்கவில்லை. எனக்கும் உடனே உறைக்கவில்லை. ‘ஜோதிகா ஸ்ட்ரோல்ஸ் பேக்’ என்றான். அவன் குரலில் இருந்த இளக்காரம் மட்டும் புரிந்தது.

பக்கத்தில் அன்புமணி இருந்தான். ஒரு காலத்தில் எங்கள் அணியின் கோல் கீப்பர். துறைமுகத்தில் வெளிநாட்டு மாலுமிகளோடு பேசிப் பேசி இங்கிலீசு பழகியவன். ஸ்ட்ரோல் என்றால் என்ன என்று அவனைக் கேட்டேன்.

“துன்னு முட்ச்சிட்டு பீச்சாண்ட காத்து வாங்கிக்கினு போவாங்களே, அந்த நடை” என்றான்.

நான் எழுந்துவிட்டேன்.

எங்கள் கலங்கரை கால்பந்துக் கழகத்தைத் தொடங்கியவர் என் தகப்பனார். ராயபுரத்தில் மூட்டை தூக்கியவர். அவர் வைத்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை: கோட்டுக்குள் எங்கள் ஆள் நடக்கக் கூடாது. ஆட்டத்திலிருந்து எடுக்கப்படுகிறவர்கூட கோடு வரை ஓடித்தான் வெளியே வரவேண்டும். நடந்து வருகிறவன் தோற்றுப்போய் வருகிறான் என்பார். கால் விரல் முறிந்த அன்றும் நான் ஓடித்தான் வந்தேன். என் மகன் செங்குட்டுவன் தோள் இறங்கிய கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததை வியாசர்பாடிக்காரர்களே எழுந்து நின்று கைதட்டிப் பார்த்தார்கள். அவன் மகள்தான் ஜோதிகா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் ஒரு பெரிய பெண்கள் அணி அவளைத் தேர்வுக்கு அழைத்திருந்தது. அதற்கு முன்பு அவள் ஆட்டத்தைக் கைபேசியில் நேரலையாகப் பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் எங்கள் பயிற்சியாளர் ஹில்டா இங்கிலீசு வர்ணனைக்கு ஏற்பாடு செய்து, கால் சென்டரில் உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கும் ஜெரியைக் கூட்டிவந்திருந்தாள். ஆக, எங்கள் வீட்டுப் பெண் பீச்சில் காற்று வாங்குகிறாள் என்ற செய்தி அந்நேரம் பெங்களூருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

இடைவேளையில் வர்ணனைப் பந்தலுக்குப் போனேன். ஜெரி சமோசா தின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அதைக் கீழே வைத்தான்.

“இன்னா நைனா, இம்மாந் தூரம்?”

அவன் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க வேண்டும் என்றேன். அவன் கோபப்படவில்லை. பந்து பக்கத்தில் இல்லாதபோதெல்லாம் ஜோதிகா நடந்தே திரும்பினாள் என்றும், தான் பார்த்ததைச் சொன்னதாகவும் சொன்னான். அப்படியானால் நடந்தாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதுதானே என்று கேட்டேன்.

“வாக்னா வெறும் நடை நைனா. கேக்கறவனுக்கு ஒண்ணுமே தெரியாது. ஆளு எப்டி கீறான்னு தெரிய வாணாமா? அதுக்குன்னே ஒரு தெரு நெறய வார்த்த வெச்சிகிறாங்க.”

சமோசா எண்ணெய் படிந்த விரல்களாலேயே எண்ணிக் காட்டினான். ஸ்ட்ரோல் என்றால் கவலை இல்லாத நடை. ட்ரட்ஜ் என்றால் உடம்பும் மனசும் சோர்ந்து காலை இழுத்து வைக்கிற நடை. ஜாக் என்றால் மெதுவான ஓட்டம். மார்ச் என்றால் பட்டாளத்து நடை.

“ஸ்ட்ரோலு, நம்ப பாஷைல லாந்துறது. அவ்ளோதான்” என்று முடித்தான்.

“எங்க வூட்ல எவனும் லாந்துனது கெடியாது” என்றேன்.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டேன். இரண்டாம் பாதி முழுக்க ஜோதிகா எப்படிப் போகிறாள் என்று நான் தமிழில் சொல்வேன், அதற்குச் சரியான இங்கிலீசை அவன் சொல்ல வேண்டும் என்றேன். ஜெரி தலையைச் சொறிந்தான். என் வயதுக்கு மரியாதை கொடுத்து ஒப்புக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கியது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. நான் வழக்கமாகப் பந்தைப் பார்க்கிறவன். பந்து போகும் இடத்துக்குக் கண்ணும் போகும். அன்று ஜோதிகாவின் கால்களை மட்டும் பார்த்தேன். சொல் தேடுகிறவன் அப்படித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பந்து வந்தால் பாய்ந்தாள். பந்து விலகியதும் நின்றாள், பிறகு நடந்தாள். வலது பாதத்தை முழுதாக ஊன்றினாள். இடது பாதத்தை வெளி விளிம்பில் வைத்து உடனே எடுத்தாள். கவலையில்லாத நடை இல்லை அது. ஓட வேண்டிய நேரத்துக்காக அந்தக் காலைச் சேமித்துக்கொண்டிருந்தாள்.

ஜெரியும் கவனித்துவிட்டான். மைக்கைக் கையால் மூடினான்.

“நைனா, இதுக்கு வார்த்த லிம்ப். நொண்டுறா. சொல்லட்டா?”

எதிர்க்கோட்டில் ஹில்டா நின்றிருந்தாள். நடுவில் அத்தனை சத்தம், அத்தனை தூரம். அவளுக்குப் பாதம் தெரிந்திருக்காது. ஒலிபெருக்கி கேட்கும். கேட்டால் ஜோதிகாவை எடுத்துவிடுவாள். பெங்களூருக்கும் கேட்கும்.

“ஜாக்னு சொல்லு” என்றேன்.

சொன்னான். இளக்காரம் இல்லாமல்தான் சொன்னான். எனக்கு அதில் திருப்தி வரவில்லை.

சற்று நேரத்தில் வியாசர்பாடிப் பெண் ஒருத்தியோடு மோதி ஜோதிகா விழுந்தாள். எழுந்ததும், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நான் எப்போதும் உட்காரும் இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அன்புமணி மட்டும் இருந்தான். என் நாற்காலி காலி. அவள் முகம் தளர்ந்தது. குனிந்து இடது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒளிக்காமல், நன்றாகவே நொண்டிக்கொண்டு போனாள்.

நான் இல்லை என்று தெரிந்த பிறகு நொண்டினாள்.

“லிம்ப்” என்றேன்.

ஜெரி என்னையும் மைக்கையும் மாறிமாறிப் பார்த்தான். “பெங்களூர்காரங்க பாத்துக்கினு கீறாங்க நைனா” என்றான். அவனுக்கு இருந்த தயக்கம் எனக்கு இல்லை. மைக்கை என் பக்கம் திருப்பி நானே சொன்னேன்.

“ஜோதிகா லிம்ப்.”

என் குரல் மைதானத்தைச் சுற்றி வந்தது. ஜோதிகா சட்டென்று நிமிர்ந்து பந்தலைப் பார்த்தாள். ஹில்டாவும் பார்த்தாள், உடனே நடுவரிடம் கை காட்டி, மாற்று ஆட்டக்காரி சபீஹாவை எழுப்பினாள். ஜோதிகா உதட்டைக் கடித்துக்கொண்டு உடம்பை முன்னால் சாய்த்தாள். அது ஓடப் போகிறவளின் சாய்வு. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். எங்கள் மூன்று தலைமுறைக்கும் உள்ளது. அந்தக் காலோடு கோடு வரை ஓடினால் அடுத்த ஞாயிறு இல்லை, அடுத்த மாதமும் இல்லை.

மைக் என் கையிலேயே இருந்தது.

“ஜோதிகா, ஓட வாணாம். நடந்து வா.”

கழகத்துப் பழைய ஆட்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன். என் தகப்பனார் வைத்த வழக்கத்தை எடுத்துவிட அந்த மைதானத்தில் என்னைவிட உரிமையுள்ள ஆள் இல்லை.

ஜோதிகா ஒரு கணம் நின்றாள். பிறகு நடந்தாள். தலை குனியவில்லை. வலி ஒவ்வொரு அடியிலும் முகத்தில் தெரிந்தது, அடியை நிறுத்தவில்லை.

ஜெரி மைக்கை வாங்கிக்கொண்டு, இதற்கு என்ன சொல்வது என்று கேட்டான். ட்ரட்ஜா என்றான். இவள் சோர்ந்து வரவில்லை என்றேன்.

“பட்டாளத்துக்கு ஒண்ணு சொன்னியே.”

“மார்ச்சா? நொண்டிக்கினே எவனாவது மார்ச் பண்ணுவானா நைனா?”

“நல்லா பாத்து சொல்லு.”

அவன் பார்த்தான். அவள் கோட்டைத் தாண்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“ஜோதிகா மார்ச்சஸ் ஆஃப்” என்றான். அவன் குரலில் சிரிப்பு இருந்தது. அதில் இளக்காரம் இல்லை.

கடைசி நிமிடங்களில் சபீஹா அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. கோப்பை எங்களுக்கு. ஜோதிகா பனிக்கட்டி கட்டிய காலை பெஞ்சில் நீட்டி வைத்துக்கொண்டு, அடித்தவளைவிட அதிகமாகக் கத்தினாள். நான் போய் நின்றதும் அடங்கினாள்.

“இன்னா தாத்தா, மைக்குல என் மானத்த வாங்கிட்ட?”

“வாங்கல. காப்பாத்துனேன்” என்றேன்.

பெங்களூர்க்காரர்கள் அன்று மாலையே ஹில்டாவை அழைத்தார்கள். கால் சரியாகட்டும், தேர்வைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்றார்களாம். மைக்கில் வந்த கிழவர் யார் என்றும் விசாரித்தார்களாம். ஹில்டா என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஜோதிகா காலை நீட்டியபடி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் நான் பால் வாங்கப் போகும்போதெல்லாம் டம்ளரை வாய்க்கு முன்னால் பிடித்து, ஜெரியின் குரலில் சொல்கிறாள்:

“ரகுபதி ஸ்ட்ரோல்ஸ்.”

நான் நின்று திரும்பிப் பார்க்கிறேன். அவள் சொல்லை மாற்றும் வரைக்கும் அடுத்த அடி எடுத்து வைப்பதில்லை.