மழுங்கிய பிட்

"நாளைக்கு மெஷின் எனக்கு வேணும் மாமா" என்று மைத்துனன் சொன்னபோது, நான் பட்டறையில் பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அவன் அக்கா, என் மனைவி, இறந்துபோனதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. கேட்டைச் சாத்தப் போவேன், சாத்தித்தான் இருக்கும். குழாயை மூடப் போவேன், சொட்டாது. பிழை திருத்த அச்சகத்திலிருந்து வந்த பக்கங்களில் ஒரே வரியில் சுற்றிக்கொண்டிருப்பேன். எழுத்துகள் சரியாகத்தான் இருக்கும், வரி மட்டும் முடியாது. உடனே எழுந்து வீட்டின் பின்னால் இருக்கும் இந்தக் கொட்டகைக்கு வந்துவிடுவேன். மரவேலை அவளுடையது. அலமாரி செய்யச் சொல்லி வருகிறவர்கள் என்னைப் பார்த்து அளவு சொல்லத் தொடங்குவார்கள். நான் உள்ளே கை காட்டுவேன்.

மைத்துனன் கேட்ட மெஷின், மரத்தில் பள்ளம் போடும் ரூட்டர். அதன் அடித்தட்டு கறுப்பு பிளாஸ்டிக். வெட்டும் கோட்டை அது மறைத்துவிடும். "கண்ணைக் கட்டிக்கிட்டுத் தெருவுல நடக்குற மாதிரி இருக்கு" என்பாள். அதற்காகவே கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் புதுத் தட்டு ஒன்று செய்யத் தொடங்கினாள். நடுவில் பெரிய துளை போட்டாயிற்று. சுற்றிலும் மூன்று திருகுகளுக்கான துளைகளில் இரண்டு முடிந்திருந்தன. மூன்றாவது இடத்தில், அக்ரிலிக்கின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில், அவள் போட்ட பென்சில் பெருக்கல் குறி மட்டும் இருந்தது. கீறல் விழாமல் இருக்க, வேலை முடியும்வரை அந்தக் காகிதத்தை அவள் உரிப்பதில்லை.

"கடையில ரெடிமேடா வருது. வாங்கி மாட்டிக்கிறேன்" என்றான்.

"இதுல ஒரு ஓட்டைதானே பாக்கி."

"அந்த ஒண்ணுலதான் விரிசல் விடும். அக்கா கையிலயே எத்தனை போயிருக்கு. நீங்க கமா போடுற ஆளு மாமா. தப்பாப் போனா அழிச்சுக்குவீங்க."

"இன்னைக்கு ஒரு நாள் விடு. விரிஞ்சா நீ கடைக்குப் போ."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். விரிந்தால் தட்டு குப்பைக்குப் போகும். விரியாவிட்டால் அவன் செய்யும் ஒவ்வொரு கதவின் மேலும் அவளுடைய தட்டு நகரும். எனக்கு அது வேண்டியிருந்தது.

முதலில் மிச்சத் துண்டு ஒன்றில் முயன்றேன். அடியில் மரக்கட்டை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஸ்டாண்டில் பூட்டிய டிரில்லை இறக்கினேன். பாதிவரை ஒழுங்காகப் போனது. பிறகு டிரில்லின் நுனியில் துளை போடும் பிட், அக்ரிலிக் துண்டைக் கவ்வி மேலே இழுத்தது. பட்டென்று ஒரு சத்தம். துளையிலிருந்து ஓரம்வரை ஒரு கோடு ஓடியிருந்தது.

மைத்துனன் எழுந்து வந்தான். பிட்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதைத் தீட்டுனது யாரு?"

"நான்தான்."

உறவினர்கள் எல்லாரும் கிளம்பிப் போன அன்று, கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அவளுடைய கருவிப் பெட்டியைத் திறந்து, அவள் செய்வதைப் பார்த்திருந்த பழக்கத்தில், மழுங்கிக் கிடந்த எல்லாவற்றையும் கூராக்கி, எண்ணெய் தடவி வைத்தேன். அவளுக்காக அன்று நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அது என்று நினைத்திருந்தேன்.

"இது பிளாஸ்டிக்குக்குன்னு அக்கா வேணும்னே மழுக்கி வெச்சிருந்தது மாமா. கூரா இருந்தா கடிச்சு இழுத்துடும். மழுங்கினதுதான் பைய சுரண்டிக்கிட்டுப் போகும்." அவன் சிரிக்கத் தொடங்கினான். "பார்த்திருந்தா உங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பா." சிரிப்பு பாதியில் நின்றது. பிட்டை என் கையில் வைத்துவிட்டுச் சுவரில் தொங்கிய ரம்பங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த அளவில் வேறு பிட் இல்லை. முயன்று பார்க்க வேறு துண்டும் இல்லை. சாணைக்கல்லை எடுத்து, நான் ஏற்றிய கூர்மையை நானே தேய்த்து இறக்கினேன். ஒரு பொருளை வேண்டுமென்றே மழுக்குவதற்குக் கை லேசில் சம்மதிப்பதில்லை. அவன் விரல் நுனியால் தடவிப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம்." தேய்த்தேன். "போதும்."

பென்சில் குறியின் நடுவில் பிட்டின் முனையை வைத்தேன்.

"அமுக்காதீங்க. கொஞ்சம் இறக்குங்க, தூக்குங்க. சூடானா உருகிப் பிடிச்சுக்கும்."

இறக்கினேன், தூக்கினேன். காகிதம் கிழிந்து குறி காணாமல் போனது. மெல்லிய வெள்ளைத் துருவல் பிட்டைச் சுற்றி ஏறியது. ஊதினேன். மறுபடி இறக்கினேன். பல மாதங்களுக்குப் பிறகு என் கால்கள் எங்கேயும் போகப் பார்க்கவில்லை. வெள்ளை வந்துகொண்டே இருந்தது. பிறகு அதனோடு பழுப்பு நிறம் கலந்தது. அடியில் வைத்த மரத்தின் தூள். சத்தம் எதுவும் கேட்டிருக்கவில்லை. ஆனால் மோட்டார் ஓடும்போது சின்ன விரிசலின் சத்தம் காதுக்கு எட்டாது.

டிரில்லை நிறுத்தினேன்.

"விரிஞ்சிருக்கா?"

"தெரியலை."

"காகிதத்தை உரிச்சாத்தானே தெரியும்."

தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். ஓரத்தில் அவள் பிடித்த இடம் விரல்பட்டு மங்கியிருந்தது. முதல் இரண்டு துளைகளைச் சுற்றி அவளுடைய குறிகளின் நுனிகள் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தன. மூலையில் நகத்தைக் கொடுத்தேன். காகிதம் நெல்மணி அளவுக்கு எழும்பியது. அதன் அடியில், தெளிந்த அக்ரிலிக் வழியே, ஜன்னல் தெரிந்தது.