மூன்றாம் மாடிக் குரைப்பு

பத்ரிநாராயணன் நாயைச் செம்பூர் காப்பகத்தில் திருப்பி விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அதன் குரைப்பு மட்டும் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. நாய் குரைக்கிறது என்பதற்காகத்தான் அதைத் திருப்பிக் கொடுத்தார். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கிற தூரத்தில், சைவக் குடும்பங்களுக்கு மட்டுமே வீடு விற்கும் ஒரு பழைய மாட்டுங்கா சொசைட்டியின் மூன்றாம் மாடி அது. மனைவி பிரேமலதா கதவைத் திறந்து, "விடலையா? மத்தியானத்துலேர்ந்து குலைச்சுண்டே இருக்கே" என்றாள். விட்டாகிவிட்டது என்றார் அவர். இருவரும் குனிந்து சோபாவுக்கு அடியில் பார்த்தார்கள். கொஞ்சம் மயிர் கிடந்தது, அதைப் பெருக்கித் தள்ளிவிட்டுக் காபி குடித்தார்கள். குரைப்பு அன்று விளக்கு வைக்கும் வரை நிற்கவில்லை.

அவர் அதைத் தத்தெடுத்த கதையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இப்போதெல்லாம் அவர் வேறு மாதிரி சொல்லித் திரிகிறார். எதிர் பில்டிங்கில் ஒரு குடும்பம் நாய் தத்தெடுத்த படம் பேப்பரில் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இவர் கிளம்பிவிட்டார். காப்பகத்தில் எதையும் கேட்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, ரிட்டயரான ஆபீசர், மாட்டுங்கா விலாசம், இதற்கு மேல் ஒரு நாய்க்கு என்ன வேண்டும் என்று நினைத்தார்கள். மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். காப்பகம் அதற்கு ஆலிவர் என்று பெயர் வைத்திருந்தது, இவர் கேசவ் என்று மாற்றினார். சொசைட்டி செக்ரட்டரி சாருலதா மேடம் மூன்று நிபந்தனை வைத்தார்: நாய் சாமான் லிஃப்டில்தான் போக வேண்டும், மத்தியானத் தூக்க நேரத்தில் சத்தம் கூடாது, சுத்த சைவமாக இருக்க வேண்டும். பத்ரிநாராயணன் நாயின் சார்பில் மூன்றையும் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து அதற்குத் தயிர்சாதம், ஏகாதசியன்று வெறும் பால். அசைவ பில்டிங்குகளுக்குப் போகிற மீன்காரி தெருமுனையில் திரும்பும்போதே கேசவ் பால்கனியில் நின்று தொண்டை கிழியக் குரைத்தது. வயிறு கேட்பதைத்தான் அது சொன்னது. இவர்கள் காதில் விழுந்தது சத்தம் மட்டும். மூன்றாவது மாதம் ஒரு டாக்ஸி பிடித்து, காப்பகத்தின் கேட்டில் கட்டிவிட்டு, உள்ளே போய்ச் சொல்லக்கூட நேரமில்லாமல் அதே டாக்ஸியில் திரும்பினார்.

குரைப்பை வெளியேற்ற சொசைட்டி செய்யாதது இல்லை. பொதுக்குழு கூட்டினார்கள். நாய்க்கு மாதச் சந்தா உண்டென்றால் குரைப்புக்கும் உண்டா என்பதிலேயே முதல் கூட்டம் முடிந்துபோனது. தச்சரைக் கூப்பிட்டுச் செருப்பு ஸ்டாண்டைப் பெயர்த்தார்கள், குரைப்பு ஜன்னலோரமாக நகர்ந்துகொண்டது. ஒரு வாத்தியாரை வைத்து ஹோமம் செய்தபோது ஒவ்வொரு ஸ்வாஹாவுக்கும் அது பதில் சொன்னது. தட்சிணை வாங்கிக்கொண்டு, இனிமேல் அடங்கிவிடும் என்று வாத்தியார் சொல்லிப் போனார், அவர் லிஃப்டுக்குள் போவதற்குள் மறுபடி ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு கொரியர்காரன் சத்தத்தைக் கேட்டுப் பார்சலைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினான். சாருலதா மேடத்துக்குப் பொறி தட்டியது. மயிர் உதிர்க்காத, மூத்திரம் போகாத, சோறு கேட்காத நாய் இது. இதைவிட நல்ல நாய் இந்த சொசைட்டிக்கு வாய்க்காது. கோவண்டியிலிருந்து ரயிலேறி வந்துகொண்டிருந்த வாட்ச்மேனை அந்த மாதமே நிறுத்திவிட்டார்கள். அவன் பல வருஷம் வேலை பார்த்தவன், போகும்போது ஒரு வாய் டீ கொடுக்கக்கூட ஆளில்லை. அதன் பிறகு விருந்தாளிகளிடம், எங்கள் பில்டிங்கில் நாய் உண்டு என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டார்கள்.

குரைப்பு மாட்டுங்காவில் இருக்க, நாய் செம்பூரில் ஊமையாக இருந்தது. வாயைத் திறக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், காற்றுதான் வரும். தத்தெடுக்க வந்தவர்கள் வேறு கூண்டுக்கு நகர்ந்தார்கள். தாராவியில் பெல்ட் பட்டறை வைத்திருக்கும் கலீலுல்லாவின் மனைவி நஸீரா, காப்பகம் ஆர்டர் கொடுத்திருந்த கழுத்துப் பட்டைகளைக் கொண்டுபோனபோது அதைப் பார்த்தாள். தத்துப் போகிற ஒவ்வொரு பிராணியும் போன் நம்பர் பொறித்த பட்டை கட்டியிருக்க வேண்டும் என்பது காப்பகத்தின் சட்டம், அந்த நம்பர்களைத் தோலில் சூடு போடுவது அவள் வேலை. அவள் கம்பிக்குள் விரலை விட்டாள், நாய் அதில் மூக்கை வைத்தது, அவ்வளவுதான். இதை நான் கொண்டுபோகிறேன் என்றாள்.

மாட்டுங்காவிடம் ஒரு கேள்வியும் கேட்காத காப்பகம் தாராவியிடம் எல்லாவற்றையும் கேட்டது. எத்தனை ரூம், தோட்டம் உண்டா, வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள், நாயை ஏதாவது செய்துவிட மாட்டீர்களே. வீட்டைப் பார்க்க இரண்டு பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். கீழே பட்டறை, மேலே குடித்தனம், நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. ஒருத்தி பாதி ஏணியில் நின்று அழுதாள், நஸீராதான் காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினாள். ஆனால் குறை சொல்ல அவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. டெம்போ போகிற சந்து என்பதால் வாசலுக்குக் கம்பிக் கதவு போட்டிருந்தாள். பசை டின்களும் கத்திகளும் மேல் பரணுக்குப் போயிருந்தன. பதனிட்ட தோல் நாய் வயிற்றுக்கு விஷம் என்று, வெட்டின துண்டுகளை மூடி போட்ட டிரம்மில் வைத்திருந்தாள். ஊசி போடுகிற தேதியைச் சுவரில் எழுதியிருந்தாள். வந்தவர்கள் ஏமாற்றத்தோடு சம்மதித்தார்கள். சுக்கு நிறத்தில் இருந்ததால் அவள் அதைச் சுக்கு என்று கூப்பிட்டாள். இந்தப் பெயருக்குத்தான் அது முதன்முதலாக வாலாட்டியது.

இடைஞ்சல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. கலீலுல்லா மார்க்கத்தைக் கறாராகப் பார்க்கிறவர், அல்லது அப்படிப் பெயர் எடுக்க ஆசைப்படுகிறவர். காவலுக்கு நாய் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, கொஞ்சுவதற்கு இல்லை என்றார். அதனால் சுக்கு பட்டறையோடு நிற்க வேண்டும், ஏணிக்கு மேலே வரக் கூடாது, காவல் காக்க வேண்டும். நஸீரா சரி என்றாள். ஒரு வாரம் பார்த்தார், நாயிடமிருந்து சத்தமே வரவில்லை. ஒரு நாள் நண்பகலில் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சொந்தப் பட்டறையில் சொந்த பெல்ட்டுகளையே திருட வந்தார். சந்தே வேடிக்கை பார்த்தது. சுக்கு எழுந்து நின்று அவர் முகத்துக்கு நேரே வாயை அகலத் திறந்து திறந்து மூடியது. கொசு பறக்கிற சத்தம்கூட இல்லை.

"இது என்ன காவலுளா? களவாணிக்குக் கொட்டாவி விட்டுக் காட்டுது" என்றார் கலீலுல்லா. "சத்தம் இல்லாத நாய காவலுக்குன்னு சொன்னா அல்லாவ ஏமாத்துற மாதிரி. பெருநாளைக்குள்ள கொண்டுபோய் உட்டுரு."

"ரெண்டு தரம் திரும்பி வந்தா பொறவு ஒருத்தரும் எடுக்க மாட்டாவ. பின்கட்டுக் கூண்டுல போட்டுருவாவ, சாவுற வரைக்கும் அங்கதான்" என்றாள் நஸீரா.

சட்டம் சட்டம்தான் என்றார் அவர். பட்டறையில் வேலைக்கு இருப்பவர்களின் சம்பள விஷயத்தில் அவருக்கு இத்தனை சட்டம் ஞாபகம் வருவதில்லை.

நஸீரா காப்பகத்துக்குப் போன் போட்டு, இதற்கு முன் வைத்திருந்தவர் யார் என்று விசாரித்தாள். பிறகு சுக்குவைப் பிடித்துக்கொண்டு தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே போனாள். வாட்ச்மேன் இல்லாத கேட்டில் சாருலதா மேடமே வந்து மறித்தார். அவரைப் பார்த்ததும் சுக்கு வாயைத் திறந்தது. மூன்றாம் மாடியிலிருந்து குரைப்பு கொட்டியது. சுக்கு வாயை மூடியது, மேலே குரைப்பு நின்றது. மறுபடி திறந்தது, மறுபடி கேட்டது. நஸீரா நாயின் கழுத்தில் கையை வைத்துத் தடவினாள், மூன்றாம் மாடி அடங்கியது. பத்ரிநாராயணன் பால்கனியில் கையில் பேப்பரோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இதுக்க சத்தம் ஒங்க வீட்டுல கெடக்கு. கொஞ்சம் உள்ள உட்டியன்னா எடுத்துக்கிட்டுப் போயிருவேன்" என்றாள் நஸீரா.

"நாய்க்கு உள்ள பர்மிஷன் கிடையாது" என்றார் சாருலதா மேடம். "குரைப்பு சொசைட்டியோட ப்ராப்பர்ட்டி. ஏஜிஎம்ல ரெசல்யூஷனே பாஸ் பண்ணியாச்சு. அதை நம்பித்தான் வாட்ச்மேனை நிறுத்தியிருக்கோம்."

அது தாராவியில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கிறதே தவிர உங்களுக்குக் காவல் இல்லை என்று நஸீரா சொல்லிப் பார்த்தாள். மேடத்துக்குப் புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொண்டால் வாட்ச்மேனைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும், ஆகையால் புரியவில்லை. நஸீரா பையிலிருந்து புதுக் கழுத்துப் பட்டை ஒன்றை எடுத்தாள், கலீலுல்லாவின் நம்பர் சூடு போட்டது. தத்தெடுத்த எதுவும் பட்டை இல்லாமல் இருக்கக் கூடாது, இது உங்கள் வீட்டுக் குரைப்புக்கு என்று சொல்லிக் கேட் கம்பியில் மாட்டினாள். "ரொம்பக் குலைச்சா இந்த நம்பருக்குப் போடுங்க சார்" என்று பால்கனியைப் பார்த்துக் கத்திவிட்டு நடந்தாள். வழியெல்லாம் அழுதாள். சுக்கு, அழுகிறவர்களைப் பார்த்தால் நாய்கள் செய்வதைப்போல, அவள் காலை ஒட்டியே நடந்து இரண்டு முறை அவளைத் தடுக்கி விழவைத்தது.

பெருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். நஸீரா கோபர்கைரனேயில் தங்கை சாயிமாவின் பிள்ளைக்குப் பெயர் வைக்கப் போயிருந்தாள். மாட்டுங்காவில் சொசைட்டி முழுதும் படுத்திருந்த மத்தியானம் குரைப்பு எழுந்தது. அது வழக்கமான குரைப்பு இல்லை. சுவரிலிருந்த கடிகாரம் விழுந்தது. எல்லா மாடியிலிருந்தும் ஜனங்கள் நைட்டியோடும் வேஷ்டியோடும் வந்து நின்றார்கள். சாருலதா மேடம் குடையை ஓங்கிக்கொண்டு மாடி மாடியாகத் திருடனைத் தேடினார். தங்கள் பில்டிங்குக்கு வராத திருடனை அவர்கள் தண்ணீர்த் தொட்டியில்கூடத் தேடினார்கள். பத்ரிநாராயணன் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார், தலையணையை அமுக்கிப் பார்த்தார். தூக்கம் போன பிறகுதான் அவருக்குப் புத்தி வந்தது. கேட்டிலிருந்த பட்டையைக் கொண்டுவரச் சொல்லி அந்த நம்பருக்குப் போன் போட்டார்.

கலீலுல்லா அப்போதுதான் தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "சார், உங்க நாய் குலைக்கறது, இங்க ஒருத்தரும் இருக்க முடியலை. தயவுபண்ணி ஆத்துக்குப் போய்ப் பாருங்கோ" என்றது ஒரு குரல். போனிலேயே குரைப்பும் கேட்டது. கலீலுல்லா வெறுங்காலோடு ஓடினார். பட்டறையின் பின்பக்கத் தகரத்தை வளைத்து உள்ளே வந்த ஒருவன், பெருநாள் சரக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, பேன்ட் கால் சுக்குவின் வாயில் இருந்ததால் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஆடிக்கொண்டிருந்தான். சரக்கு போயிருந்தால் பெருநாள் இல்லை, பட்டறையும் இல்லை. சந்துக்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். சுக்கு பேன்ட்டை விட்டுவிட்டு, மூச்சுக்கு மட்டும் இடைவெளி கொடுத்து, அவனைப் பார்த்து ஓசையில்லாமல் குரைத்தபடியே இருந்தது. கலீலுல்லா தயங்கித் தயங்கி அதன் தலையில் கையை வைத்தார். மாட்டுங்காவில் அமைதி திரும்பியது. சுக்கு அவர் கையை நக்கியது. நாயின் எச்சில் பட்டால் மார்க்கம் சொல்கிறபடி ஏழு முறை, அதில் ஒரு முறை மண் போட்டு, கையைக் கழுவினார். பிறகு, ஊருக்கே கேட்கிற மாதிரி, காவல் காவல்தான், சத்தம் எங்கே போய்க் கேட்டால் என்ன என்று தீர்ப்புச் சொன்னார். இந்த யோசனை முதலில் தனக்குத்தான் வந்தது என்றும் சேர்த்துக்கொண்டார். நஸீரா வந்து எல்லாவற்றையும் கேட்டு, நாயைக் கட்டிக்கொண்டு, சுவரில் அடுத்த ஊசித் தேதியை எழுதினாள்.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. மூன்றாம் மாடியில் குரைப்பு கேட்டால் பத்ரிநாராயணன் தாராவிக்குப் போன் போடுகிறார், அங்கே யாராவது போய்ப் பார்க்கிறார்கள், இங்கே அடங்குகிறது. தோலைத் தொட்டவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத மனிதர், தோல் பட்டறை ஒன்றுக்குச் சம்பளமில்லாத வாட்ச்மேனாக இருக்கிறார். வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனைப் பார்க்க பெங்களூர் போகக்கூட முடிவதில்லை, யார் போன் போடுவது. "நான் எதுக்குத் தாராவிக்காராளுக்குப் போன் பண்ணணும்" என்று பிரேமலதா கையை உதறிவிட்டாள். சாருலதா மேடம் இன்னமும் குரைப்பு தங்களுக்குத்தான் காவல் என்று புதிதாக வீடு வாங்க வருகிறவர்களிடம் சொல்கிறார், அவர்களும் நம்பி வாங்குகிறார்கள்.

போன டிசம்பரில் காப்பகத்தின் ஆண்டு விழா நடந்தது. குரைப்பைத் தத்தெடுத்து வளர்க்கும் முதல் குடும்பம் என்று பத்ரிநாராயணனை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். நஸீரா புதுப் பட்டைகள் நிறைந்த மூட்டையோடும் சுக்குவோடும் பின்வாசலில், நாற்காலி இல்லாமல், நின்றுகொண்டிருந்தாள். பிராணிகள் மேல் தனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும் அன்பைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தபோது பின்வாசலில் ஒரு பூனை ஓடியது. சுக்கு வாயைத் திறந்தது. சபையில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பத்ரிநாராயணனின் போன் அடித்தது, வீட்டிலிருந்து பிரேமலதா. அவர் சபையிடம் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு நஸீராவின் நம்பரை அழுத்தினார்.

"குலைக்கறதாம், பாருங்கோ" என்றார் மைக்குக்கு முன்னால்.

"பாத்துட்டேன் சார், பூன" என்றாள் நஸீரா பின்வாசலிலிருந்து, நாயின் கழுத்தைத் தடவியபடி.

பத்ரிநாராயணன் போனைப் பையில் வைத்து, நழுவிய சால்வையைச் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.