பற்றாத உலை

உலை பற்றவில்லை. மாலைக்குள் அந்த உலகமே மூடப்படப் போகிறது.

கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் பவித்ராவும் ஸ்ரீதரும் மாதக்கணக்கில் கட்டிய உலகம் அது. சர்வரை நடத்துபவர் இன்றோடு நிறுத்துகிறார். அரியமங்கலத்தில் அவள், ஸ்ரீரங்கத்தில் அவன். திரையில் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரு நீல ஆறு. பாலம் முடிய ஒரே ஒரு இரும்புத் துண்டு பாக்கி. அதை உருக்கத்தான் கல் கல்லாக அடுக்கிக் கட்டிய அந்த ராட்சத உலை.

"கரி இருக்கா?" ஹெட்செட்டில் ஸ்ரீதர் கேட்டான்.

"வாய் வரைக்கும் இருக்கு."

"காத்துக் குழாய்?"

"பார்த்தாச்சு சார். வேற கேளுங்க."

"முந்தாநாள் எரிஞ்சுதே! நேத்து என்ன பண்ணே?"

"ஆயுத பூஜை. அப்பா பட்டறையில எல்லா மெஷினுக்கும் பொட்டு வச்சோம். அப்படியே உலைக்கும் ஒண்ணு... நெத்தியில ஒரு கல்லை எடுத்துட்டு, சிவப்புக் கல்."

"அடிப்பாவி! எல்லாக் கல்லும் ஒரே ரகமா இருந்தாத்தான் இந்த விளையாட்டுல அது உலை. இல்லன்னா வெறும் செவுரு!"

பவித்ரா சிவப்புக் கல்லைப் பெயர்த்துப் பழைய கல்லைச் செருகினாள். உலை குப்பென்று பற்றியது. ஆரஞ்சு வெளிச்சம் ஆற்றின்மேல் நீளமாக மிதந்தது. இரும்பு தேனாக வழிந்தது.

கடைசித் துண்டு பொருந்தியபோது திரைவானம் ஊதாவாகியிருந்தது. இரு கரையிலிருந்தும் நடந்து வந்து நடுப்பாலத்தில் நின்றார்கள்.

"அந்தப் பொட்டு எங்கே?"

பவித்ரா சிவப்புக் கல்லைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பதித்தாள். "பாலத்துக்கு ரகம் பார்க்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க," என்றான் அவன்.

ஆறு மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே போனது. சிவப்பு மட்டும் கடைசிவரை தெரிந்தது.