ஏரிக்கு வந்த ஹோலி

கமலம் ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தெருவில் நாற்பது வீடும் கேட்கும். அப்படிக் கேட்டதுதான் கடைசியில் வினையாகப் போயிற்று.

மேனாம்பேட்டைத் தாண்டி ஒரு சின்ன ஏரி. இந்தக் கரையில் கமலத்தின் தெரு, எதிர்க்கரையில் பதினோரு மாடி பிளாட். அந்த பிளாட்டில்தான் கமலம் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். ஐந்தாவது மாடி ஷோபனா மேடம் கோயம்புத்தூர்ப் பக்கம், ஐ.டி. கம்பெனி வேலை. குடிவந்த கையோடு, நாறிக்கிடந்த ஏரியைச் சுத்தப்படுத்த ‘ஏரி நண்பர்கள்’ என்று ஒரு குழு ஆரம்பித்தாள். கமலத்தைக் கூப்பிட்டு, சோபாவில் பக்கத்திலேயே உட்காரவைத்து, “நீங்கதான் கமலம் உங்க தெருவுக்கு எடுத்துச் சொல்லணும்” என்றாள். பெருக்குகிறவளை ‘வாங்க, போங்க’ என்று பேசுகிற மேடம்! அந்த மரியாதையில் கவிழ்ந்தவள்தான் கமலம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நாமாக இருந்தாலும் கவிழ்ந்திருப்போம்.

மேடம் சொன்னதையெல்லாம் தெருவைச் செய்யவைத்தாள். ஏரியில் சோப்பு போட்டுத் துணி துவைக்கிற வழக்கம் நின்றது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஏரிக்கு ஓடாதபடி வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, ஜல்லி கொட்டி, பக்கத்தில் வாழை நடச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே தோண்டினார்கள். ஆயுத பூஜைப் பூசணிக்காய், சாமி படத்து மாலை, கோழிக் கழிவு எதுவும் தண்ணீரில் விழக்கூடாது என்று கரையிலேயே காவல் நின்றாள். எதிர்வீட்டுச் சாமுண்டீஸ்வரி மட்டும், “இன்னாமே, ஏரிய உன் பேருக்குப் பட்டா போட்டுக்கினியா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் குழி தோண்டினாள்.

கடைசியில் எருமைக்கு வந்தது. கமலத்தின் கூடப்பிறந்த அண்ணன் கன்னியப்பனிடம் இரண்டு எருமைகள் இருந்தன. வெயில் ஏறினால் ஏரியில்தான் கிடக்கும். “சாணியாலதான் தண்ணி கெடுது கமலம், எருமைய இறக்கக் கூடாது” என்றாள் ஷோபனா. தண்ணீரில் இறங்காத எருமையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்? கன்னியப்பன் மூன்று நாள் தங்கையோடு பேசவில்லை. நாலாம் நாள் வாசலில் வந்து நின்றான்.

“நெஜமாவே நம்ம எருமையாலதான் ஏரி நாறுதா?”

“ஆமாண்ணா. மேடம் படிச்சவங்க, பொய்யா சொல்லுவாங்க?”

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்கு மதி எங்கே போயிற்று! எருமைகளை விற்று வண்டியேற்றி அனுப்பிவிட்டு, அறுபது வயதில் கரையான்சாவடியில் ஒரு துணிக்கடைக்கு வாட்ச்மேனாகப் போனான் கன்னியப்பன்.

அப்புறமும் ஏரி நாறியது. முன்னைவிட அதிகமாகவே நாறியது, மீன் செத்து மிதந்தது. தெருவே கமலத்தைத்தான் கேட்டது. அவள் போய் ஷோபனாவைக் கேட்டாள். “கொஞ்சம் பொறுங்க, ஏரி தேறறதுக்கு நாளாகும்” என்று பதில் வந்தது. அதையும் அப்படியே தெருவில் வந்து ஒப்பித்தாள்.

பங்குனியில் ஹோலி வந்தது. நம் பக்கத்துக்கு ஏது ஹோலி? ஆனால் பிளாட்டில் ஆடுவார்கள். காலை முழுக்கப் பாட்டுப் போட்டு, பொடி தூவி, சாயத் தண்ணீர் ஊற்றி ஆடிவிட்டு, மத்தியானம் எல்லோரும் குளிக்கப் போனார்கள். கமலம் கீழே தரையைக் கழுவி முடித்து, கரையில் பிளாஸ்டிக் கவர் பொறுக்க இறங்கினாள்.

ஆகாயத்தாமரைக்கு நடுவே தண்ணீர் ரோஸ் கலரில் வந்துகொண்டிருந்தது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போய்ச் செடிகளை இழுத்துப் போட்டாள். தலை நுழைகிற அகலத்துக்கு ஒரு குழாய். கக்கூஸ் தண்ணீரோடு ரோஸும் பச்சையும் கலந்து அதிலிருந்து கொட்டியது. சுற்றுவட்டாரத்தில் ஹோலி ஆடியது ஒரே ஒரு இடம்தான்.

இப்போதுகூடப் பாருங்கள், அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது! மேடத்துக்குத் தெரியாமல் எவனோ செய்த வேலை என்றே நினைத்தாள். லிஃப்டுக்குக் காத்திராமல் ஐந்து மாடியும் படியேறினாள்.

“மேடம், கண்டுபுட்சிட்டேன்! நம்ம பிளாட்டு கக்கூஸ் தண்ணிதான் ஏரிக்குப் போவுது! பைப்பே கீது மேடம்!”

தலையில் துண்டோடு நின்ற ஷோபனா சட்டென்று கதவைச் சாத்தினாள். “மெதுவா பேசுங்க கமலம்.”

கமலம் குரலைத் தாழ்த்தினாள். “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தண்ணிய சுத்தம் பண்ற பிளாண்ட் கெட்டுப்போய் ரெண்டு வருஷமாச்சு. அசோசியேஷன்ல பேசிட்டுத்தான் இருக்கோம்.”

“எருமைய ஏரில உடாதன்னு சொன்னீங்களே, அப்பவே தெரியுமா?”

ஷோபனா தரையைப் பார்த்தாள். “தெரியும். ஆனா இங்க நூத்தியிருபது வீடு, கமலம். நாங்க திடீர்னு எப்படி நிறுத்த முடியும்? உங்களால நிறுத்த முடிஞ்சுது. அதையாவது செய்வோம்னுதான்…”

அடிப்பாவி! எப்படி வாய் கூசாமல் சொல்கிறாள்!

“உங்க பீத்தண்ணிய ஏரில உட்டுகினே எங்கண்ணன் எருமை சாணிய கொறை சொன்னீங்களா மேடம்? ஊருக்குத்தான் உபதேசமா?”

“தெருவுல இப்போதைக்குச் சொல்லாதீங்க, ப்ளீஸ்” என்றாள் ஷோபனா.

கமலம் நேராகத் தெருவுக்குப் போனாள். கன்னியப்பன் அப்போதுதான் கடையிலிருந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்திருந்தான். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாய்க்கு முன்னால் நிறுத்தி, நடந்ததையெல்லாம் கொட்டினாள். சொல்லச்சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“நம்ப வெச்சு கயுத்த அறுத்துட்டாண்ணா அந்தப் பொம்பள! உன் எருமைய விக்க வெச்சுட்டா!”

கன்னியப்பன் குனிந்து அந்த ரோஸ் தண்ணீரைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை அவன் குரல்.

“அந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது, கமலம். மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. நீ சொன்னேன்னுதான் வித்தேன்.”